ஏறும் எண், இறங்கும் எண், துள்ளும் எண்: நிரல் எங்கே தடுமாறுகிறது?

கேள்வியைச் சுருக்கமாக மறுபடி சொல்லிவிடுகிறேன். ஒரு முழு எண் கொடுக்கப்படும். அதன் இலக்கங்கள் இடமிருந்து வலமாகப் போகையில் எங்கேயும் குறையாவிட்டால் அது ஏறும் எண், 122579 மாதிரி. எங்கேயும் கூடாவிட்டால் இறங்கும் எண், 87740 மாதிரி. இரண்டிலும் சேராதது துள்ளும் எண், 15283 மாதிரி. முதல் பகுதியில் வகையை அச்சிட வேண்டும். இரண்டாம் பகுதியில் 1 முதல் ஒரு மேல் வரம்பு வரை எத்தனை துள்ளும் எண்கள் என்று சொல்ல வேண்டும். வரம்பு 10^18 வரை போகலாம். மாதிரி உள்ளீடுகளுக்கு உங்கள் நிரல் சரியாக ஓடுகிறது, மறைத்து வைத்த சோதனைகளில் சிலவற்றுக்குத் தவறான விடை வருகிறது, சிலவற்றில் நேரம் தாண்டிவிடுகிறது. இலக்கங்களைப் பிரிக்க 10-ஆல் வகுத்து மீதி எடுப்பதை விட்டுவிட்டு, எண்ணை ஸ்ட்ரிங்காக (எழுத்துகளின் தொடராக) மாற்றினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியாகாது. மாணவர்களின் நிரல்களைப் பல வருடமாகப் படித்துத் திருத்தி வருகிறேன். இந்தப் பயிற்சியில் தவறான விடை வருவதற்கு இலக்கத்தை எப்படிப் பிரித்தோம் என்பது காரணமாக இருப்பது அபூர்வம். விளக்கத்தை நிரலாக மாற்றும் இடத்தில்தான் சறுக்குகிறது. நேரம் தாண்டுவது முற்றிலும் வேறு சங்கதி, அதற்கு ஸ்ட்ரிங்கும் உதவாது, மீதியும் உதவாது. உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். தவறான விடையை முதலில் பார்ப்போம்.

நீங்கள் ஒட்டியிருக்கும் துண்டில், முதல் இரண்டு இலக்கங்களை ஒப்பிட்டுத் திசையை முடிவு செய்கிறீர்கள்: முதலாவது சிறியதாக இருந்தால் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். பிறகு மீதி இலக்கங்களில் அந்தத் திசை உடைகிறதா என்று பார்க்கிறீர்கள். இதில் 1123-ஐப் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டும் 1, 1. சிறியது இல்லை என்பதால் திசை இறக்கம் என்று பதிவாகிறது. அடுத்து 1-லிருந்து 2-க்கு ஏறியதும் திசை உடைந்துவிட்டது என்று நினைத்து 'துள்ளும் எண்' என்று அச்சிட்டுவிடும். உண்மையில் அது ஏறும் எண். மாதிரி உள்ளீடுகளில் முதல் இரண்டு இலக்கமும் ஒன்றாக இருக்கும் ஏறும் எண் ஒன்றுகூட இல்லாததால்தான் இது வெளியே தெரியவில்லை. தொடக்கத்தில் சம இலக்கங்கள் வந்தால் தாண்டிப் போ என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்து இதை ஒட்டுப்போடலாம். ஆனால் அப்படி ஒட்டுப்போட ஆரம்பித்தால் 777-க்கு ஒன்று, ஓரிலக்க எண்ணுக்கு ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும்.

இதன் உறவுக்காரப் பிழை ஒன்றும் அடிக்கடி கண்ணில் படும். ஒவ்வொரு ஜோடி இலக்கத்தையும் ஒப்பிட்டு, 'வகை' என்ற ஒரே மாறியில் முடிவை எழுதிக்கொண்டே போவார்கள். கடைசி ஜோடி என்ன சொல்கிறதோ அதுவே விடையாகிவிடும்: 3124-இல் கடைசி ஜோடி 2, 4 என்பதால் ஏறும் எண். முன்னால் 3-லிருந்து 1-க்கு இறங்கியது மறந்தே போகும்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். 'எந்த வகை' என்ற கேள்வியை நிரல் ரொம்பச் சீக்கிரம் கேட்கிறது. விளக்கத்தை மறுபடி படியுங்கள். அதில் இருப்பது வகை இல்லை, இரண்டு தனித்தனி ஆம்-இல்லைக் கேள்விகள்: எங்கேயாவது குறைகிறதா? எங்கேயாவது கூடுகிறதா? இந்த இரண்டுக்கும் ஆளுக்கொரு பூலியன் மாறி (ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே இருக்கும் மாறி) வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் இரண்டும் 'இல்லை'. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை ஒப்பிடும்போது இடது பெரியதாக இருந்தால் 'குறைகிறது' ஆம் ஆகும். வலது பெரியதாக இருந்தால் 'கூடுகிறது' ஆம் ஆகும். சமமாக இருந்தால் எதையும் தொட வேண்டாம். ஒரு தடவை ஆம் ஆன மாறி திரும்ப இல்லை ஆகக் கூடாது, அதுதான் முக்கியம். லூப் முடிந்த பிறகு மட்டும் வகையைக் கேளுங்கள். கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றால் எல்லா இலக்கமும் ஒன்று, அதைத் தட்டை எண் என்று வைத்துக்கொள்வோம். கூடுவது மட்டும் நடந்திருந்தால் ஏறும் எண், குறைவது மட்டும் நடந்திருந்தால் இறங்கும் எண், இரண்டும் நடந்திருந்தால் துள்ளும் எண். இரண்டு பூலியனுக்கு நான்கே சேர்க்கைதான் உண்டு, ஆகவே எந்த எண்ணும் விட்டுப்போகாது, இரண்டு இடத்தில் விழவும் விழாது. ஓரிலக்க எண்ணுக்கு ஒப்பிட ஜோடியே இல்லை, அது தானாகவே தட்டை எண்ணாகிவிடும். தனி நிபந்தனை எதுவும் தேவைப்படாது.

இங்கே எது உறுதி, எது சந்தேகம் என்பதைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் விளக்கப்படி 777 ஏறும் எண்ணும்தான், இறங்கும் எண்ணும்தான். துள்ளும் எண் கிடையாது, அது உறுதி. ஆனால் முதல் பகுதியில் ஒரே ஒரு சொல்லைத்தான் அச்சிட வேண்டும் என்றால், 777-க்கு எந்தச் சொல்? விளக்கம் அதற்குப் பதில் சொல்லவில்லை. பயிற்சியின் முழு உரையை நான் பார்க்கவில்லை, அதனால் நானும் சொல்ல முடியாது. மாதிரிகளில் ஓரிலக்க எண் ஏதாவது இருந்தால் அதற்கு என்ன விடை கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், பெரும்பாலும் 777-க்கும் அதே விதிதான் இருக்கும். இரண்டாம் பகுதிக்கு இந்தக் குழப்பம் கிடையாது. அங்கே துள்ளும் எண்களை மட்டும்தானே எண்ணுகிறோம்.

பாலிண்ட்ரோம் எண்ணையும் (திருப்பிப் படித்தாலும் அதே எண்ணாக வருவது) இதே இஃப்-எல்ஸ் வரிசையில் சேர்க்கச் சொல்லும் பயிற்சிகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை. 1221 பாலிண்ட்ரோம், கூடவே துள்ளும் எண். 777 பாலிண்ட்ரோம், கூடவே தட்டை எண். அது வேறொரு கேள்விக்கான பதில், தனி மாறியில் இருக்க வேண்டியது.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்டது: ஸ்ட்ரிங்கா, மீதியா? இரண்டும் சரிதான், இரண்டிலும் கால் வைக்கக் கூடாத இடங்கள் உண்டு. மீதி எடுக்கும் முறையில் இலக்கங்கள் வலது பக்கத்திலிருந்து வரும். 1234-க்கு உங்கள் லூப் பார்க்கும் வரிசை 4, 3, 2, 1. இதை மறந்தால் ஏற்றமும் இறக்கமும் தலைகீழாகும். வேடிக்கை என்னவென்றால், துள்ளும் எண்களின் கணக்கு அப்போதும் சரியாகவே வரும், ஏனென்றால் திருப்பிப் போட்டாலும் துள்ளல் துள்ளல்தான். இரண்டாம் பகுதி சரி, முதல் பகுதி மட்டும் தவறு என்று வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

எதிர்மறை எண் உள்ளே வரக்கூடும் என்றால் இன்னும் கவனம் தேவை. சி, சி++, ஜாவாவில் -17-ஐ 10-ஆல் வகுத்தால் மீதி -7. பைத்தானில் அதே மீதி 3, ஈவு -2. பைத்தானில் 'எண் சுழி ஆகும்வரை 10-ஆல் வகு' என்று எதிர்மறை எண்ணுக்கு எழுதினால் லூப் முடியவே முடியாது, ஏனென்றால் -1-ஐ 10-ஆல் கீழ்நோக்கி வகுத்தால் மறுபடி -1-தான் கிடைக்கும். ஸ்ட்ரிங்கில் வேறு வகைத் தொல்லை. கழித்தல் குறியின் ஆஸ்கி எண் (கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் குறியீட்டு எண்) 45, '0'-வின் எண் 48. குறியையும் ஒரு இலக்கமாக நினைத்து ஒப்பிட்டால் குறியிலிருந்து முதல் இலக்கத்துக்கு எப்போதும் ஏற்றம்தான், ஆகவே -321 துள்ளும் எண்ணாகிவிடும். தனி மதிப்பை (குறியை நீக்கிய எண்ணை) எடுத்துவிட்டுத் தொடங்கினால் இரண்டு தொல்லையும் தீரும். ஜாவாவில் மட்டும் -2147483648-க்கு 32 பிட் தனி மதிப்பு எடுத்தால் அதே எதிர்மறை எண்ணே திரும்பி வரும். அதற்கு 64 பிட் லாங் வகைக்கு மாற்றிக்கொண்டு எடுக்க வேண்டும்.

ஸ்ட்ரிங் பக்கம் எனக்குப் பிடித்த விஷயம், இலக்கத்தை எண்ணாக மாற்றத் தேவையே இல்லை என்பது. '0' முதல் '9' வரை குறியீடுகள் 48-லிருந்து 57 வரை வரிசையாக இருப்பதால் எழுத்தையே எழுத்தோடு ஒப்பிடலாம். உள்ளீடு மிக நீளமாக வருமென்றால் ஸ்ட்ரிங்காகவே படித்து ஸ்ட்ரிங்காகவே வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் வகைக்கு 9007199254740992-க்கு மேல் எல்லா முழு எண்களையும் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. 9007199254740993 என்று கொடுத்தால் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும், நீங்கள் வகைப்படுத்துவது வேறொரு எண்ணை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஸ்ட்ரிங்காகப் படிக்கும்போது முன்னால் வரும் சுழிகள் அப்படியே இருக்கும். '0321' துள்ளும், 321 இறங்கும். உள்ளீட்டில் அப்படி வர வாய்ப்பிருந்தால் முன் சுழிகளை நீக்கிவிட வேண்டும்.

வேகத்தைப் பற்றிப் பொதுவாக ஒன்று சொல்லலாம். சி மாதிரி மொழிகளில் மீதி எடுப்பதுதான் மலிவு. பைத்தானில் பெரும்பாலும் ஸ்ட்ரிங் முந்திவிடும், ஏனென்றால் அந்த மாற்றம் உள்ளே சி-யில் நடக்கிறது, மீதி எடுக்கும் லூப்போ ஒவ்வொரு படியாக பைத்தானில் ஓடுகிறது. உங்கள் கணினியில் எது வேகம் என்று ஓட்டி அளந்து பார்ப்பதுதான் நியாயம். எப்படியானாலும் கிடைப்பது சில மடங்கு லாபம், 10^18-க்கு அது எந்த மூலைக்கும் போதாது.

லூப்பே எழுதாமல் முடிக்கும் வழிகளும் உண்டு. இலக்கங்களை வரிசைப்படுத்திப் பார்த்து, அசலோடு ஒத்துப்போனால் ஏறும் எண். வரிசைப்படுத்தியதைத் திருப்பினால் ஒத்துப்போகிறது என்றால் இறங்கும் எண். ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் குறிமுறை) தெரிந்தவர்களுக்கு, 0*1*2*3*4*5*6*7*8*9* என்ற வடிவம் முழு ஸ்ட்ரிங்குக்கும் பொருந்தினால் ஏறும் எண். படிக்க அழகாக இருக்கும். ஆனால் வரிசைப்படுத்தல் எல்லா இலக்கத்தையும் தொட்டாக வேண்டும். பூலியன் முறையிலோ இரண்டு மாறியும் ஆம் ஆன கணமே நிறுத்திவிடலாம். இந்தக் குறுக்கு வழிகளை நான் பயன்படுத்துவது சோதனைக்கு: லூப் ஒரு விடை, வரிசைப்படுத்தல் ஒரு விடை, 1 முதல் 10 லட்சம் வரை இரண்டும் எங்கேயாவது வேறுபடுகிறதா என்று பார்த்தால் போதும்.

சோதனை என்றதும், ஒப்பிட்டுப் பார்க்க உறுதியான எண்கள் சில தருகிறேன். 100-க்குக் கீழே துள்ளும் எண் ஒன்றுகூடக் கிடையாது, இரண்டு இலக்கத்தில் துள்ள முடியாது. முதல் துள்ளும் எண் 101. 1000-க்குக் கீழே 525. நிரல் எழுதித் தீர்க்கும் கணிதப் புதிர்களைத் தரும் ப்ராஜெக்ட் ஆய்லர் தளத்தின் 112-ஆம் கணக்கு இதே துள்ளும் எண்களைப் பற்றியது. துள்ளும் எண்களின் பங்கு முதன்முதலில் சரியாகப் பாதியை எட்டுவது 538-இல், 90 சதவீதத்தை எட்டுவது 21780-இல் என்று அந்தக் கணக்கிலேயே கொடுத்திருக்கிறார்கள். இதைச் சரிபார்க்கும்போது பங்கை தசம எண்ணாக வகுத்து 0.9-உடன் ஒப்பிடாதீர்கள். 0.9-ஐ இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாது. துள்ளும் எண்ணிக்கை பெருக்கல் 10, மொத்தம் பெருக்கல் 9, இவை சமமா என்று முழு எண்ணாகவே கேளுங்கள். 21780-இல் துள்ளும் எண்கள் 19602, இரண்டு பக்கமும் 196020.

இப்போது நேரம் தாண்டும் விஷயம். ஒவ்வொரு எண்ணாகச் சோதித்துப் போவது 10^7 வரை தாங்கும். 10^18-க்கு, விநாடிக்குப் பத்துக் கோடி எண்களைச் சோதித்தாலும் ஆயிரம் கோடி விநாடி ஆகும், அதாவது 300 வருடத்துக்கு மேல். ஆகவே துள்ளும் எண்களைத் தொடாமலேயே எண்ண வேண்டும். துள்ளாத எண்கள் மிகக் குறைவு என்பதுதான் இங்கே பிடி. 10^6-க்குக் கீழே துள்ளாதவை 12951. 10^10-க்குக் கீழே 277032. 10^18-க்குக் கீழேயே மொத்தம் 17809753-தான், இரண்டு கோடியைத் தொடவில்லை. துள்ளாதவற்றை மட்டும் எண்ணி வரம்பிலிருந்து கழித்துவிட்டால் வேலை முடிந்தது.

இரண்டு கோடிக்குள் என்றால் அவற்றை ஒவ்வொன்றாக உருவாக்கியே எண்ணிவிடலாம், எனக்குப் பிடித்த வழி அதுதான். 1 முதல் 9 வரை ஓரிலக்க எண்களில் தொடங்குங்கள், எல்லாம் தட்டை. ஒரு தட்டை எண்ணின் வலதுபக்கம் அதே இலக்கத்தைச் சேர்த்தால் தட்டையாகவே இருக்கும், பெரிய இலக்கத்தைச் சேர்த்தால் ஏறும் எண், சிறியதைச் சேர்த்தால் இறங்கும் எண். ஏறும் எண்ணோடு அதன் கடைசி இலக்கத்துக்குக் குறையாத இலக்கத்தை மட்டும் சேர்க்க வேண்டும், இறங்கும் எண்ணோடு கடைசி இலக்கத்தைத் தாண்டாததை மட்டும். இப்படிப் போனால் ஒவ்வொரு துள்ளாத எண்ணும் சரியாக ஒரே ஒரு தடவை வரும். ரிகர்ஷனாக (தன்னையே அழைத்துக்கொள்ளும் செயற்கூறாக) எழுதினால் எதையும் சேமித்து வைக்க வேண்டியதில்லை. சி++ அல்லது ஜாவாவில் இது வசதியாக ஓடிவிடும். பைத்தானில் நேர வரம்பைப் பொறுத்து இடிக்கலாம். எந்த மொழியானாலும் எண்ணை 10-ஆல் பெருக்கிவிட்டு வரம்பைத் தாண்டியதா என்று பார்க்காதீர்கள். 64 பிட் குறியுள்ள எண்ணின் உச்சம் சுமார் 9.22×10^18, வரம்பு 10^18-ஆக இருக்கும்போது அந்த எண்ணையே 10-ஆல் பெருக்கினால் வழிந்துவிடும். எண், வரம்பைப் பத்தால் வகுத்த ஈவைவிடப் பெரியதா என்று முதலிலேயே கேட்டு நிறுத்துங்கள். ஈவுக்குச் சமமாக இருந்தால், இலக்கத்தைச் சேர்த்த பிறகு வரம்பைத் தாண்டுவதை மட்டும் எண்ணாமல் விடுங்கள்.

வரம்பு 10, 100, 1000 என்று இருந்தால் உருவாக்கவும் வேண்டாம், சூத்திரமே உண்டு. ஏறும் எண்ணில் எந்த இலக்கம் எத்தனை தடவை என்று தெரிந்தால் வரிசை தானாகத் தீர்மானமாகிவிடும். குட்டை எண்களை முன்னால் சுழி வைத்து நீட்டினாலும் ஏற்றம் கெடாது. ஆகவே ந இலக்கம் வரையிலான ஏறும் எண்களின் எண்ணிக்கை, ந+9 பொருள்களில் 9-ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகள், கழித்தல் 1. அந்த 1, எல்லாமே சுழியாக இருப்பது. இறங்கும் எண்ணுக்கு முன்னால் சுழி வைத்தால் உடனே துள்ளிவிடும். அதற்குப் பதில் 9-ஐவிடப் பெரிய ஒரு 'வெற்றிடம்' இருப்பதாகக் கற்பனை செய்து முன்னால் நிரப்புங்கள். பதினொரு குறிகள் ஆகின்றன, ந+10-இல் 10-ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகள். இதிலிருந்து எல்லாமே வெற்றிடமானதையும், வெற்றிடத்துக்குப் பின் சுழிகள் மட்டுமே வரும் ந வகைகளையும் நீக்க வேண்டும், கழித்தல் ந+1. தட்டை எண்கள் இரண்டிலும் வந்துவிட்டதால் 9ந-வை ஒரு தடவை கழிக்க வேண்டும். ந=3 என்றால் 219, கூட்டல் 282, கழித்தல் 27, ஆக 474. 999-இலிருந்து கழித்தால் மேலே சொன்ன 525.

ஒரே உள்ளீட்டில் ஆயிரக்கணக்கான வரம்புகளைக் கேட்டால் உருவாக்கும் வழி கட்டாது, டிஜிட் டிபி-க்கு (இலக்கம் இலக்கமாகப் போய், சிறு விடைகளை அட்டவணையில் சேமித்துக் கூட்டும் முறைக்கு) போக வேண்டும். பெயர்தான் மிரட்டும். இப்போதைய நிலை (தட்டை, ஏற்றம், இறக்கம்), கடைசி இலக்கம், இன்னும் நிரப்ப வேண்டிய இடங்கள், இந்த மூன்றும் தெரிந்தால் துள்ளாமல் முடிக்க எத்தனை வழி என்பது தெரிந்துவிடும். 3 நிலை, 10 இலக்கம், 0 முதல் 18 வரை மீதி இடம், மொத்தம் 570 கட்டங்கள் உள்ள ஒரு அட்டவணை. அதை ஒரு தடவை நிரப்பிவிட்டு, வரம்பைவிடக் குறைந்த நீளமுள்ள எண்களை முதலில் கூட்டுங்கள். அப்புறம் வரம்பின் இலக்கங்களை இடமிருந்து பின்தொடர்ந்து, ஒவ்வொரு இடத்திலும் அங்கே இருப்பதைவிடச் சிறிய இலக்கத்தை வைத்தால் என்ன ஆகும் என்று அட்டவணையைப் பார்த்துக் கூட்டிக்கொண்டே போங்கள். முதல் இடத்தில் மட்டும் சுழி வைக்கக் கூடாது. வரம்பின் முன்பகுதியே துள்ளிவிட்டால் அதற்குப் பின் பார்க்க ஒன்றுமில்லை, ஒரு தடவை துள்ளிய எண்ணோடு எதைச் சேர்த்தாலும் அது துள்ளும் எண்தான். கடைசிவரை துள்ளாமல் போனால் வரம்பையும் சேர்த்து ஒன்று கூட்ட வேண்டும். இந்த ஒன்றை விட்டுவிட்டுத்தான் பலர் ஒரே ஒரு சோதனையில் தோற்பார்கள். அதைப் பிடிக்க 1000000000000000000 என்று கொடுத்துப் பாருங்கள்: அந்த எண்ணே இறங்கும் எண் என்பதால் துள்ளாதவை 17809754, விடை 999999999982190246 வர வேண்டும்.